குதிரையை எடுத்துவிட்டால் கட்டைவிரலுக்கு என்ன வேலை?

போன வாரம் கடற்கரைச் சாலையில் நடந்து முடித்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கூட்டத்தில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். பேரன் போனில் காட்டிக் கொடுத்த நாளில் இருந்து துப்பாக்கி வீடியோவாகப் பார்க்கிறார். அவர் சொன்னார்: "பிரான்சு ராணுவமே 2020-ல் குளோக்குக்கு மாறிவிட்டது சார். போலீசும் ழாந்தார்ம்களும் மட்டும் இன்னும் அந்தப் பழைய ஹாமர் பிஸ்டலைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மியூசியத்தில் வைக்க வேண்டியது."

நான் அங்கே பதில் சொல்லவில்லை. காலை நேரத்தில் எனக்கு வாதம் வராது. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகுதான் வரும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். முப்பத்தைந்து வருஷம் பேனா பிடித்த குமாஸ்தா நான். ஆனால் புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு இது அவ்வளவு தூரத்துச் சங்கதி அல்ல. நம் தெருக்களில் சொல்தா வீடு இல்லாத தெரு எது? 1962-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, யார் இந்தியர், யார் பிரெஞ்சுக்காரர் என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, என் அப்பா ஒரு பக்கம் போனார், சித்தப்பா இன்னொரு பக்கம் போனார். சித்தப்பா மகன், எனக்கு ஏழு வயது இளையவன், 1979-ல் பிரான்சில் ழாந்தார்மாகச் சேர்ந்தான். முப்பத்துச் சொச்சம் வருஷ வேலையில் மூன்று விதமான பிஸ்டலை இடுப்பில் கட்டியிருக்கிறான். நான் சொல்வதில் முக்கால்வாசி அவன் எனக்குச் சொன்னது. மீதி நான் என் கையால் தொட்டுப் பார்த்தது.

முதலில் வார்த்தை. பிஸ்டலின் பின்பக்கம், நம் கட்டைவிரலுக்கு நேராக, மேலே துருத்திக்கொண்டு நிற்கும் சிறு இரும்புத் துண்டை ஆங்கிலத்தில் ஹாமர் என்கிறார்கள், சுத்தியல். நாங்கள் படித்த பிரெஞ்சில் அது 'ஷியேன்', நாய். தமிழில் நம் பெரியவர்கள் அதைக் குதிரை என்றார்கள். மூன்று பேரில் எவன் சரி என்று தெரியாது, ஆனால் நாயும் குதிரையும் என்று சொன்னவர்கள் அதை உயிருள்ள ஒன்றாகப் பார்த்திருக்கிறார்கள். நான் குதிரை என்றே எழுதுகிறேன்.

தம்பி சேர்ந்தபோது கொடுத்தது மக் 50. முழுக்க இரும்பு, ஒன்பது தோட்டா. பிறகு 1990 வாக்கில் பமாஸ் வந்தது. இத்தாலியின் பெரெட்டா 92-ஐ உரிமம் வாங்கிப் பிரான்சில் செய்தது. பதினைந்து தோட்டா, நல்ல கனம். 2003-ல் இருந்து சிக் சாவர் எஸ்.பி. 2022. போலீஸ், ழாந்தார்ம், சுங்கம் எல்லாருக்கும் சேர்த்து இரண்டரை லட்சம் அளவுக்கு ஒரே ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். 2022 வரை இருபது வருஷம் உழைக்க வேண்டும் என்பது கணக்கு, அதுதான் பெயரிலேயே இருக்கிறது. பிடியும் உடம்பும் பாலிமர், அதாவது உறுதியான பிளாஸ்டிக். மேலே ஓடும் ஸ்லைடு இரும்பு. பின்னால் குதிரை உண்டு.

பிளாஸ்டிக் என்றதும் பழைய ஆட்கள் எல்லாரும் முகம் சுளித்தார்களாம். பொம்மைக் கடைச் சாமான் என்று பேர் வைத்தார்களாம். தம்பி அப்போது ரெயூனியன் தீவில் வேலையில் இருந்தான். நம் மூதாதையர் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே தீவு. கடல் காற்று, வியர்வை, மழை. மக் 50-ஐ ஒருநாள் துடைக்காமல் விட்டால் மறுநாள் துரு வாசனை அடிக்கும் என்பான். பாலிமரில் அந்தத் தொல்லை இல்லை. நாள் முழுக்க இடுப்பில் தொங்குகிற சாமானுக்கு எடை குறைவதும் சின்ன விஷயம் அல்ல, இடுப்பு வலி வந்தவனுக்குத்தான் அது தெரியும். ஆகவே பாலிமரில் எனக்குச் சண்டை இல்லை. புதுசு எல்லாமே கெட்டது என்று சொல்லும் கிழவன் நான் அல்ல. பாலிமர் வந்த கையோடு குதிரையையும் தூக்கி எறிய வேண்டும் என்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

2009-ல் பிரான்சு போயிருந்தபோது தம்பி என்னை ஒரு சுடும் சங்கத்துக்குக் கூட்டிப் போனான். அங்கே உறுப்பினர் ஒருவரிடம் சொந்தமாக அந்த எஸ்.பி. 2022 இருந்தது. ஐந்து தோட்டா எனக்குத் தந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் வாழ்க்கையிலேயே முதல் தடவை.

கையில் வாங்கியதும் தெரிந்தது, அடிப்பகுதி லேசு, மேல்பகுதி கனம். மேகசினில் தோட்டா நிரப்பிச் செருகியதும் அது சரியாகிவிடுகிறது. பிடி என் கைக்குச் சற்றுப் பருமன். அதை மாற்றிக்கொள்ளவும் சின்னது பெரியது என்று பிடி உறைகள் உண்டு. ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தேன், பாதியில் நின்றுவிட்டது. "அண்ணே, பயந்துகிட்டே இழுத்தா வராது, ஜன்னல் கதவைத் திறக்கிற மாதிரி இழுங்க" என்றான். இழுத்து விட்டேன், தோட்டா உள்ளே ஏறியது, குதிரை பின்னால் சாய்ந்து நின்றது. அடுத்து அவன் சொன்னதுதான் எனக்கு உதறல் எடுத்த இடம். இடது பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது, அதைக் கீழே அழுத்து என்றான். அழுத்தினால் சாய்ந்து நின்ற குதிரை 'டக்' என்று முன்னால் விழுகிறது! தோட்டா உள்ளே இருக்கிறது, குதிரை விழுகிறது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. குதிரை விழுந்தாலும் உள்ளே இருக்கிற ஊசியைத் தொடாமல் நடுவிலேயே ஒரு பல்லில் மாட்டி நிற்கும். ஊசிக்கும் தனியே ஒரு பூட்டு உண்டு, விசையை முழுக்க இழுத்தால்தான் அது திறக்கும். இதில் தனியாகப் பூட்டுப் பித்தான் எதுவும் கிடையாது. குதிரையை இறக்கிவிட்டால் அதுதான் பூட்டு.

பிறகு சுட்டேன். முதல் இழுப்பு நீளம், கனம். சுமார் நாலரைக் கிலோ என்றார்கள். இழுக்க இழுக்கக் குதிரை மெல்லப் பின்னால் எழும்புவது கண்ணுக்குத் தெரிந்தது. எழும்பி, விழுந்தது, வெடித்தது. தோட்டா குறிக்குக் கீழே இடது பக்கம் போய்விட்டது. கனமான விசையை விரலால் இழுக்காமல் முழுக் கையாலும் பிழிந்தால் அப்படித்தான் போகுமாம். வெடித்த வேகத்தில் ஸ்லைடு பின்னால் போய்க் குதிரையைத் தானே சாய்த்து வைத்துவிட்டது. இரண்டாவது தடவை இழுப்பு இரண்டு கிலோதான், தூரமும் கம்மி. நான் இன்னும் இழுக்கவே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தபோது வெடித்துவிட்டது. சிரித்தார்கள். ஐந்தையும் சுட்டு முடிக்கும்போது என் உள்ளங்கை முழுக்க ஈரம்.

ரெமிங்டன் தட்டச்சில் பழகிய விரலைக் கம்ப்யூட்டர் பலகையில் வைத்த நாள் ஞாபகம் வந்தது.

நடை நண்பரும் அவர் பார்க்கும் வீடியோக்காரர்களும் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். ஒரே பிஸ்டலில் இரண்டு விதமான இழுப்பு, முதல் தோட்டா ஒருவிதம், மற்றவை இன்னொரு விதம். போலீஸ்காரன் குழம்புவான். குளோக்கில் எல்லாமே ஒரே இழுப்பு, சுமார் இரண்டரைக் கிலோ. குதிரையும் இல்லை, இறக்குகிற நெம்பும் இல்லை, மறப்பதற்கு எதுவுமே இல்லை. இன்னொன்றும் சொல்கிறார்கள், குதிரை வைத்த பிஸ்டலில் குழல் கைக்கு மேலே உயரத்தில் இருக்கிறது, அதனால் சுடும்போது முனை அதிகம் துள்ளுகிறது என்று.

இவை எல்லாம் உண்மைதான். நானே அனுபவித்தேனே. ஒப்புக்கொள்கிறேன். குளோக் நல்ல பிஸ்டல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்ததில் இருந்து உலகம் முழுக்க நின்று காட்டிய சாமான். நம் நாட்டுக் கறுப்புப் பூனைப் படையிடமும் உண்டு. கீழே விழுந்தால் வெடிக்காது. அதற்கு உள்ளேயே மூன்று தடுப்புகள். ஆனால் அந்த மூன்றும் எதுவரைக்கும் காக்கும்? யாரும், எதுவும் விசையை இழுக்காத வரைக்கும். விசையை இழுத்தது விரலா, சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது.

தம்பி ழாந்தார்ம் வேலையை விட்ட பிறகு ஒரு சின்ன ஊரில் நகராட்சிப் போலீசில் சில வருஷம் இருந்தான். அங்கே புதிதாகக் குதிரை இல்லாத பிஸ்டல் வாங்கிக் கொடுத்தார்கள். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம், ஊர் பெயரும் வேண்டாம். ஒரு மழை நாள். அவனோடு வேலை பார்த்தவர், முப்பது வயசுப் பிள்ளை, ஒரு வீட்டுத் தகராறுக்குப் போய் பிஸ்டலை உருவியிருக்கிறார். சுடத் தேவைப்படவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு பிஸ்டலை உறைக்குள் செருகினார். மழைக்கோட்டின் இடுப்பில் இழுத்துக் கட்டும் கயிறு ஒன்று இருக்கிறதே, அதன் நுனியில் இருந்த பிளாஸ்டிக் குமிழ் விசைக்கு முன்னால் மாட்டிக்கொண்டது. பிஸ்டலை அழுத்திச் செருகச் செருக, குமிழ் விசையை இழுத்துவிட்டது. தொடையின் வெளிப்பக்கம் நுழைந்து முழங்காலுக்குக் கீழே வெளியே வந்தது தோட்டா. உயிர் பிழைத்தார். இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறார்.

இதே இடத்தில் குதிரை வைத்த பிஸ்டல் இருந்திருந்தால்? தம்பிக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்த பழக்கம் இது: முதலில் குதிரையை இறக்கு. பிறகு கட்டைவிரலைக் குதிரையின் முதுகில் வைத்து அழுத்திக்கொண்டே உறையில் செருகு. எது போய் விசையில் மாட்டினாலும் குதிரை எழும்பப் பார்க்கும், விரலில் முட்டும். கண்ணால் பார்க்க வேண்டாம், இருட்டிலும் மழையிலும் விரலுக்குத் தெரிந்துவிடும். விரல் அழுத்திக்கொண்டிருப்பதால் குதிரையால் எழும்பவும் முடியாது. அதற்கு மேல் அந்த நாலரைக் கிலோ வேறு. ஒரு குமிழ் அவ்வளவு இழுக்க, நாம் மாட்டை உழவில் தள்ளுகிற மாதிரி தள்ளியாக வேண்டும்.

கட்டைவிரலுக்கு இந்த வேலை வேண்டும் என்பது என் கற்பனை அல்ல. அமெரிக்காவில் குளோக்கின் ஸ்லைடுக்குப் பின்னால் பொருத்த ஒரு சின்னத் தகடு தனியாக விற்கிறது. விசை அசைந்தால் அந்தத் தகடு பின்னால் எழும்பும், விரலில் முட்டும். குதிரையைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு காசு கொடுத்துக் குதிரையின் நிழலை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்!

இன்னொன்று. துடைப்பதற்காகக் கழற்றும்போது குளோக்கில் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லைடு வராது. உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு இழு என்பார்கள். பார்த்ததாக நினைத்துக்கொண்டு இழுத்தவர்களால்தான் படுக்கையறைச் சுவர்களில் ஓட்டை விழுகிறது. எஸ்.பி. 2022-ல் ஸ்லைடைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திப் பக்கவாட்டுத் தாழை வெளியே தள்ளினால் போதும், முன்பக்கமாக உருவி எடுத்துவிடலாம். விசைப் பக்கமே போக வேண்டாம்.

சரி, அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். விசாரணை நடந்தது. அறிக்கையில் ஒரே சொல் எழுதினார்கள்: 'மலாத்ரெஸ்'. கைத்தவறு. கோப்பு மூடியது.

இதைத் தம்பி போனில் சொன்னபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது. 1980-களில் நான் இருந்த அலுவலகத்தோடு சேர்ந்து ஒரு அச்சுப் பிரிவு இருந்தது. அங்கே காகிதம் வெட்டும் எந்திரம். அதன் கத்தி இறங்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு கைப்பிடிகளையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தால் கத்திக்கடியில் கை இருக்க முடியாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் வேலை மெதுவாகிறது என்று மேலே இருந்து அவசரம். யாரோ ஒரு கைப்பிடியைச் சணல் கயிற்றால் கட்டி வைத்துவிட்டார்கள். வேலை வேகமாக நடந்தது. ஒரு மாலை, வெட்டுகிறவரின் இரண்டு விரல் போய்விட்டது. குறிப்பு எழுத வேண்டியவன் நான். 'ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று எழுதினேன். கயிற்றைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் கோப்பு திரும்பி வரும், விளக்கம் கேட்பார்கள், மேலதிகாரி முகம் சிவப்பார். அவருக்கு இழப்பீடு குறைந்ததற்கு என் வரியும் ஒரு காரணம். அவர் என்னிடம் கடைசி வரைக்கும் மரியாதையாகத்தான் பேசினார்.

அதனால் 'கவனக்குறைவு', 'கைத்தவறு' என்று எவனாவது எழுதினால் எனக்கு முதலில் வரும் கேள்வி, கயிற்றைக் கட்டியது யார் என்பது. நாலரைக் கிலோ இழுப்பு அந்த இரண்டாவது கைப்பிடி மாதிரி. அது தொந்தரவுதான், மெதுவாக்குகிறதுதான். தொந்தரவாக இருப்பதுதான் அதன் வேலை.

இரண்டு இழுப்பில் போலீஸ்காரன் குழம்புகிறான் என்கிறார்களே, ஏன் குழம்புகிறான்? பிரான்சில் ஆண்டுக்கு மூன்று முறை சுட்டுப் பழக வேண்டும் என்று விதி. முப்பது முப்பது தோட்டா. அதுவே எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஆள் இல்லை, இடம் இல்லை, நேரம் இல்லை. வருஷத்துக்குத் தொண்ணூறு தோட்டா சுட்டு எவன் விரல் எதைக் கற்றுக்கொள்ளும்? நான் ஐந்து சுட்டதில் நாலாவதிலேயே கொஞ்சம் பிடிபட்டது. பயிற்சிக்குச் செலவழிக்க மாட்டோம், அதற்குப் பதில் பயிற்சி தேவைப்படாத துப்பாக்கி வாங்குகிறோம் என்பது எந்த அரசு அலுவலகத்திலும் நான் பார்த்த தந்திரம்தான். கற்றுக் கொடுக்கிற செலவு யார் பெயருக்கும் புகழ் சேர்க்காது. புது எந்திரத்துக்கு ரிப்பன் வெட்டலாம்.

ராணுவம் 74,000-க்கும் மேல் குளோக் 17 வாங்கியதே என்றால், ராணுவத்தின் கதை வேறு. சிப்பாய்க்குப் பிஸ்டல் இரண்டாவது ஆயுதம், முதல் ஆயுதம் கையில் துப்பாக்கி. அவன் எதிரி முன்னால் அதை எடுக்கிறான். ழாந்தார்மும் போலீசும் குடிமக்கள் நடுவே, காரின் ஜன்னல் பக்கம், குழந்தைகள் இருக்கிற மாடிப்படியில் அதை உருவுகிறார்கள். நூறு தடவை உருவினால் தொண்ணூற்றொன்பது தடவை சுடாமல் திரும்பச் செருக வேண்டிய வேலை. அந்தத் திரும்பச் செருகும் நேரத்தைப் பற்றி எந்த வீடியோவிலும் பேசுவதில்லை. எவ்வளவு வேகமாக இரண்டாவது தோட்டா போகிறது என்றே அளக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023 ஜூன் 27-ல் பாரிசுக்குப் பக்கத்தில் நாந்தேரில் கார் ஓட்டி வந்த பதினேழு வயதுப் பையனைப் போலீஸ்காரர் சுட்டார், நாடே பற்றி எரிந்தது. அந்த வழக்கு கோர்ட்டின் வேலை. சுட வேண்டும் என்று முடிவு எடுத்தவனை நாலரைக் கிலோவும் தடுக்காது, பத்துக் கிலோவும் தடுக்காது. அதற்கு 2017-ல் எழுதிய சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும், அது வேறு கட்டுரை. நான் இங்கே பேசுவது, யாருமே முடிவு எடுக்காமல் வெடிக்கிற தோட்டாவைப் பற்றி மட்டும்.

நம் சினிமாக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குதிரையே இல்லாத பிஸ்டலைக் கதாநாயகன் நீட்டும்போது குதிரையைச் சாய்க்கிற 'கிளிக்' சத்தத்தைச் சேர்க்கிறார்களே, அதைக் கேட்டால் தம்பி தியேட்டரிலேயே சத்தம் போட்டுச் சிரிக்கிறான், பக்கத்தில் உட்கார முடியவில்லை.

அவன் ஜனவரியில் வருகிறான், பொங்கல் வரைக்கும் இருப்பான். நடை நண்பருக்குச் சொல்லிவிட்டேன், காலை ஆறு மணிக்குக் காந்தி சிலைப் பக்கம் வரட்டும், என்னிடம் பேச வேண்டாம், அவனிடமே கேட்கட்டும். தொடையில் தோட்டா வாங்கிய அந்தப் பிள்ளையின் போட்டோ அவன் போனில் இருக்கிறது.